கூட்டத்தைப் பின்னால் வைத்த ரெஜினா அக்கா

ஓசூரில் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மாநில எல்லையில், அத்திபெலே சோதனைச் சாவடியில் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றிருந்தபோது செல்போனில் செய்தி வந்தது. "ரெஜினா காலமானார். நாளை மாலை அடக்கம். நம் நாடகக் குழுவின் ஒலிப் பிரிவுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு." ஆங்கிலத்தில் இருந்தது. அனுப்பியவர் குழுவின் செயலாளர் மரியதாஸ் சார். முதல் வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் பல்லைக் கடித்தேன். நம் நாடகக் குழுவில் ஒலிப் பிரிவு என்று ஒன்று இருந்ததே இல்லை. ரெஜினா அக்கா இருந்தார். அவரை வெளியே அனுப்பிச் சில வருடங்கள் ஆகின்றன. அனுப்பியவரும் இதே மரியதாஸ் சார்தான்.

அடக்கம் முடிந்த கையோடு, எங்கள் கோயில் வெளியிடும் பங்கு மலர் இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க ஜோசப், பழசெல்லாம் கெளற வேணாம்" என்றார்கள். பழசை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஆகவே பங்கு மலருக்கு எழுதவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் பலர் அன்று மண்டபத்தில் இருந்தீர்கள்.

புதிதாகப் பங்குக்கு வந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரெஜினா அக்கா பிரேசர் டவுனில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தவர். கம்பெனியை மூடிய பிறகு, லிங்கராஜபுரத்து வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையும் காலேஜ் பிள்ளைகளின் பிராஜெக்டும் அடித்துக் கொடுத்தார். கணவர் சேவியர் அண்ணனுக்கு லேத் பட்டறையில் வேலை. பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு வருடமும் பெரிய வெள்ளியன்று பங்கு மண்டபத்தில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். வசனம் என்னுடையது, சத்தம் அக்காவுடையது. இடி, சேவல், ஆணி அடிப்பது எல்லாம் ஒரு டேப் ரெக்கார்டரிலிருந்து வரும். ஒரு வருடம் பேதுரு மறுதலிக்கும் இடத்தில் சேவல் கூவுவதற்குப் பதில் ஆணி அடிக்கும் சத்தம் வந்துவிட்டது. பேதுருவாக நின்றவர் பயந்து கையைப் பார்த்துக்கொண்டார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

ஆனால் ஒரு காட்சியில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. பிலாத்துவின் முன்னால் ஜனங்கள் "சிலுவையில் அறையும்" என்று கூச்சலிடும் காட்சி. எட்டுப் பையன்கள் போர்வை போர்த்திக்கொண்டு மேடை ஓரமாக நின்று கையை ஓங்குவார்கள். முன்வரிசையில் அவர்களுடைய அம்மாக்கள் பூரித்துப் போவார்கள். ஒருமுறை ஒத்திகைக்குப் பிறகு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்:

"இது கூட்டமா ஜோசப்பு? ரேஷன் கடை கியூ மாதிரி கீது. கூட்டம்னா நம்ம முன்னாடி வந்து நிக்காது. பின்னாடி இருந்து வரும்."

"உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். தொண்ணூற்றொன்றில், காவிரிக் கலவரத்தின்போது, அவர்கள் வேறொரு பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். சேவியர் அண்ணன் பட்டறையில் மாட்டிக்கொண்டார். அக்கா வீட்டில் தனியாக இருந்தார். பக்கத்து வீட்டுச் சாவித்ரம்மா ஓடி வந்து, "ஒளகே பா, பேக பா", உள்ளே வா, சீக்கிரம் வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் சமையலறையில் உட்கார வைத்தார். பிறகு வாசலில் போய் நின்றுகொண்டு, இங்கே யாரும் இல்லை என்று கன்னடத்தில் சத்தம் போட்டுச் சொன்னார். தமிழர் வீடுகளைத் தேடி வந்த கூட்டம் பின்பக்கத்துச் சந்து வழியாகப் போனது.

"நா ஒரு மூஞ்சியும் பாக்கல ஜோசப்பு. கேட்டேன், அவ்ளோதான். முதுகுக்குப் பின்னாடி செவுரு, அந்தாண்ட அவுங்க. அதுல ஒரு கொரலு எனக்குத் தெரிஞ்ச கொரலு. தெனமும் காலையில 'அக்கா, பால்'னு கூப்புடுற ஆளு. அந்த ஆளு இன்னா சொல்லிக் கத்துனான்னு நா இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. மறுவாரம் அவனே பால் எடுத்துனு வந்தான். நானும் வாங்குனேன்."

இவ்வளவுதான் சொன்னார். எங்கள் பங்கில் பலரும் அந்த நாட்களைப் பற்றி எரிந்ததையும் உடைந்ததையும் சொல்வார்கள். அக்காவுக்கு அது தெரிந்த ஒருவரின் குரல்.

பிறகு ஒருநாள் எஸ்.பி. ரோட்டில் பிரிண்டருக்கு மை வாங்கப் போனவர், நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. கடையில் ஒரு கம்ப்யூட்டரில் அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும் மாட்டிப் படம் போட்டுக் காட்டினார்களாம். ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வந்து தலைக்கு மேலே போனதாம். "கடையில இருந்த அத்தினி பேரும் தலய திருப்புனாங்க ஜோசப்பு! ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சும் திருப்புனாங்க!" என்றார். அந்த மாதமே சேவியர் அண்ணனின் ஓவர்டைம் பணத்தில் ஸ்பீக்கர் செட்டும், அதற்கு வேண்டிய சவுண்ட் கார்டும் வீட்டுக்கு வந்துவிட்டன.

அதை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் வீட்டில் முன்னறை ஒன்றுதான் பெரியது, அதுவும் ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டால் நிரம்பிவிடும். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. அதில் உட்கார்ந்தால் முதுகு சுவரில் முட்டும். பின்னால் என்று ஓர் இடமே அந்த அறையில் இல்லை. அக்கா கட்டிலை நடு அறைக்கு இழுக்கச் சொன்னார். "அப்ப நா எப்பிடி பாத்ரூம் போறது?" என்றார் சேவியர் அண்ணன். "தாண்டிப் போங்க" என்றார் அக்கா. முன்பக்கத்துக்கு உரியவை மேசையில் உட்கார்ந்தன. பின்பக்கத்தில் ஒன்று அரிசி டிரம் மேல், இன்னொன்று குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி மேல். கூடவே வந்த வயர் அதுவரை எட்டவில்லை. சேவியர் அண்ணன் காலிங்பெல் வயரை வெட்டி ஒட்டுப் போட்டு, பாய்க்கு அடியில் விட்டார்.

போட்டுப் பார்த்தோம். சோதனைக்காக நான் பேசிப் பதிவு செய்திருந்த இயேசுவின் வசனம் குளியலறைப் பக்கத்திலிருந்து வந்தது. சந்தை இரைச்சல் மேசையிலிருந்து வந்தது. முன் ஸ்பீக்கர்களின் பச்சை முனை போக வேண்டிய துளையில் பின் ஸ்பீக்கர்களின் கறுப்பைச் செருகியிருந்தோம். மாற்றிய பிறகும் பின்னால் வந்த சத்தம் உள்ளீடற்று, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மிதந்தது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்வரை மூவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். அண்ணன் ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு வயரின் இரண்டு முனைகள் இடம் மாறியிருந்தன. அதைச் சரிசெய்ததும், அக்கா அவரைக் கட்டிலின் நடுவே உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே கை காட்ட வேண்டும். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கம் செய்பவர் போல இடமும் வலமும் பின்னும் கையை நீட்டினார். ஒவ்வொரு முறையும் சரியாகக் காட்டினார். அக்கா கை தட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

தவக்காலத்து ஞாயிறுகளில் பூசை முடிந்ததும், கோயில் வாசலில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரும் மைக்குமாக அக்கா நின்றார். யாரையும் ஏமாற்றவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நாடகத்துல கூட்டத்துக்கு உங்க கொரலு வேணும். 'சிலுவையில் அறையும்'னு ஒரு தரம் கத்துங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் வாங்கினார். நீங்கள் வரிசையில் நின்று கொடுத்தீர்கள். தாய்மார் சிரித்துக்கொண்டே கத்தினார்கள். நானும் கத்தினேன். மண்டபத்துக்குக் கூரை போட்டுக்கொடுத்த கான்ட்ராக்டர் லூர்துசாமி, "இன்னொரு தரம் எடும்மா, இன்னும் கோவமா பண்றேன்" என்று கேட்டு மூன்று முறை கத்தினார்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி அடுக்கிக் கோத்த பிறகு, என்னை வரச்சொல்லி ஆளனுப்பினார். மறுபடியும் சேவியர் அண்ணனைக் கட்டிலில் உட்கார வைத்தார். கண்ணை மூடச் சொன்னார். முன்னால் பிலாத்து கேட்டான். பின்னால் கூச்சல் எழுந்தது. அண்ணன் கை காட்டவில்லை. கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார்.

"இப்பிடியா இருந்துச்சி?"

"இப்பிடித்தான்."

"நா வீட்ல இல்லாம போயிட்டேன்" என்றார் அண்ணன். அக்கா எழுந்து போய் டீ வைத்தார்.

பெரிய வெள்ளியன்று கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள். வீட்டு ஸ்பீக்கர் மண்டபத்துக்குப் போதாது என்பதால், மைக்செட்காரரிடம் பெரிய பெட்டிகள் வாங்கிக் கடைசி வரிசைக்குப் பின்னால் வைத்தோம். அந்தக் காட்சி வந்தபோது மேடையில் பிலாத்துவும் இயேசுவும் மட்டும்தான். போர்வைப் பையன்கள் இல்லை. "இவனை நான் என்ன செய்ய வேண்டும்?" என்று பிலாத்து உங்களைப் பார்த்துக் கேட்டான். பின்னாலிருந்து முதலில் ஒரே ஒரு பெண்குரல் வந்தது. பிறகு இரண்டு, நாலு, பத்து, எண்ண முடியாத குரல்கள். நீங்கள் எல்லோரும் தலையைத் திருப்பினீர்கள். அங்கே சுவர்தான் இருந்தது. ஒரு குழந்தை, "அம்மா, ஒன் கொரலு!" என்றது. அது எல்லோருக்கும் கேட்டது. அதன்பின் யாரும் திரும்பவில்லை. அவரவர் குரலுக்காக அவரவர் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். லூர்துசாமியின் குரல் மூன்று முறையும் வந்தது. அதுதான் மிகவும் கோபமான குரல். பிலாத்துவாக நடித்தவர் கை கழுவ மறந்து நின்றார்.

நாடகம் முடிந்ததும் உங்களில் சிலர் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். ஒரு பெரியவர், "இத்தன வருஷத்துல இன்னைக்குத்தாம்மா எனக்குப் பாடுகள் புரிஞ்சிது" என்றார். அந்த வார்த்தைகளை யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு நடந்த பங்குக் கூட்டத்தில் அவரும் இருந்தார். வாய் திறக்கவில்லை.

அந்தக் கூட்டத்தை லூர்துசாமிதான் கூட்டச் சொல்லியிருந்தார். "கோயிலுக்குச் செய்றவனையே கொலைகாரனாக்கி, என் பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி கேக்க வச்சிட்டாங்க ஃபாதர். இது என்னா நாடகம்?" என்றார். மரியதாஸ் சார் உடனே, குழுவுக்கு இப்படி ஒரு திட்டம் இருந்தது தனக்குத் தெரியாது என்றார். ஒத்திகையில் பக்கத்தில் நின்று தலையாட்டியவர் அவர். ஃபாதர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "ரெஜினாம்மா, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சிடும்" என்றார்.

அக்கா எழுந்து நின்றார். "கேக்குறேன் ஃபாதர். யார்கிட்ட கேக்கணும்னு சொல்லுங்க. கத்துனவங்ககிட்டயா, கத்துனதைக் கேட்டவங்ககிட்டயா?"

"பாத்தீங்களா பேச்சை!" என்றார் லூர்துசாமி. "எங்க கொரலையெல்லாம் வச்சியே, உன் கொரலு எங்க?"

"மொதல்ல வர்றது என் கொரலுதான் சார். உங்களுக்கெல்லாம் முன்னாடி நாந்தான் கத்துறேன். கேக்கலியா?"

லூர்துசாமி ஃபாதரைப் பார்த்தார், ஃபாதர் மரியதாஸ் சாரைப் பார்த்தார். பதில் இல்லாததற்காகவே அவரை மன்னிக்க முடியாமல் போயிற்று. அடுத்த வருடத்துக்கு "வேற ஏற்பாடு" பார்த்துக்கொள்வதாக மரியதாஸ் சார் அறிவித்தார். பதிவு செய்த சிடியைக் குழுவின் சொத்து என்று வாங்கி வைத்துக்கொண்டார். நான் எழுந்து பேசினேன். வசனம் எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். வசனத்தையும் நிறுத்திக்கொண்டேன். மற்றபடி மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தும் ஒரு குரல்கூட எழவில்லை. அக்கா உங்களைப் பதிவு செய்தபோது எவ்வளவு உற்சாகமாகக் கத்தினீர்கள்!

வேறு ஏற்பாடு என்பது வாடகைக்கு வந்த ஒரு சவுண்ட் கம்பெனி. அவர்களும் மண்டபத்தைச் சுற்றிப் பெட்டிகள் வைத்தார்கள். "முதன்முறையாகச் சுற்றொலியில்" என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஆனால் கூட்டம் மறுபடியும் மேடைக்கே போய்விட்டது. பின்னாலிருந்து இடி மட்டும் இடித்தது. உயிர்ப்புக் காட்சியில் சிறகு வைத்த சம்மனசுகள் பாடினார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அக்காவின் சிடியிலிருந்து சேவலையும் ஆணிச் சத்தத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நோட்டீஸில் அவர் பெயர் இல்லை.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம்தோறும் டயாலிசிஸுக்குப் போய் வந்தார். கைகள் வீங்கி டைப் அடிக்க முடியாமல் போனது. நாடகக் குழுவிலிருந்து யாராவது வந்தார்களா என்று நான் கேட்டதில்லை. வந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். போன பெரிய வெள்ளிக்குப் பிறகு பார்க்கப் போனபோது, நாடகத்துக்குப் போனாயா என்று கேட்டார். என் மனைவி போயிருந்தாள் என்றேன்.

"கூட்டம் எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"முன்னாடிதாங்க்கா. மேடையில."

"அப்ப எல்லாரும் நிம்மதியா வூட்டுக்குப் போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் என்னிடம் பேசியதில் கடைசியாக நினைவில் நிற்பது அதுதான்.

அடக்கப் பூசையில் மரியதாஸ் சார் பேசினார். தொழில்நுட்பத்தை இறைப்பணிக்கு அர்ப்பணித்தவர் என்றார். நம் பங்குக்குச் சுற்றொலியை அறிமுகம் செய்தவர் என்றார். லூர்துசாமி பெரிய மாலை கொண்டுவந்திருந்தார். கல்லறையிலிருந்து திரும்பியதும் மண்டபத்தில் காபி கொடுத்தார்கள். அங்கேயே, ரெஜினா அக்கா பெயரில் ஒரு நினைவுக் கேடயம் வைக்கலாம், செலவை லூர்துசாமி ஏற்றுக்கொள்கிறார் என்று அறிவித்தார்கள். எல்லோரும் சம்மதம் என்றார்கள். சேவியர் அண்ணன் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "அவ பேரு எதுலயும் வேணாம்" என்றார்.

"துக்கத்துல பேசுறீங்க" என்று மரியதாஸ் சார் அவர் தோளில் கை வைத்தார்.

"துக்கத்துல இல்ல சார். அவ உயிரோட இருக்கும்போது போடாத பேரு. இப்ப போட்டா அது உங்களுக்கு." அண்ணன் அந்தக் கையை எடுத்துவிட்டார். அவர் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. கேடயம் பற்றிய பேச்சு அதோடு நின்றதா, துக்கம் ஆறட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறார்களா, தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் எனக்கு இல்லை.

அக்காவை நினைத்தால் எனக்கு வேறொரு நாள்தான் முன்னால் வருகிறது. அவரை நீக்கிய அடுத்த வருடம், சவுண்ட் கம்பெனியின் முதல் நாடகம். நான் போவதாகவே இல்லை. அக்காதான் கூப்பிட்டார். "இயேசுவுக்கும் எனக்கும் இன்னா சண்ட? வா ஜோசப்பு" என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். இடிக்கு எல்லோரோடும் சேர்ந்து திடுக்கிட்டார். முடிந்ததும் கிளம்புவார் என்று நினைத்தேன். எழுந்து போய், காலியான இரும்பு நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. மேடையருகே மரியதாஸ் சாரும் லூர்துசாமியும் சவுண்ட் கம்பெனிக்காரருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு நாற்காலியை மடக்கினார், படார். அடுத்தது, படார். தேவைக்கு மேல் பலமாக, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், வரிசை வரிசையாக மடக்கிக்கொண்டே முன்னால் நகர்ந்தார். மரியதாஸ் சார் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை.

"போதும்க்கா" என்றேன்.

"ஏன், கேக்குதா?" என்றார். "கேக்கட்டும்."

நானும் ஒரு நாற்காலியை எடுத்து மடக்கினேன். கடைசி நாற்காலிவரை இரண்டு பேரும் அப்படியே மடக்கினோம். அந்தச் சத்தம் எந்தச் சிடியிலும் இல்லை, என்னிடம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் தரப்போவதில்லை.